டோய் இந்தனோன் ஒருநாள் பயணம்: குழு வேனா, தனிக் காரா, நாமே ஓட்டுவதா?

சியாங் மாயில் சில நாட்கள் தங்கத் திட்டமிடுபவர்கள், கோயில்களையும் இரவுச் சந்தையையும் பட்டியலில் சேர்த்த பிறகு, தாய்லாந்தின் மிக உயர்ந்த மலைக்கென்று ஒரு நாளை ஒதுக்குகிறார்கள். ஒதுக்கிய உடனேயே எப்படிப் போவது என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. விடுதி மேசையில் குழுச் சுற்றுலாவின் துண்டுப் பிரசுரம் இருக்கிறது. எதிர்த் தெருவில் ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கிறது. இணையத்தில் தேடினால் ஓட்டுநருடன் கூடிய கார்கள் வரிசையாக வருகின்றன. இவற்றின் விலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் வழியில்லை. ஒன்று தலைக்கு இவ்வளவு என்கிறது, ஒன்று வண்டிக்கு, மற்றொன்று நாளுக்கு. எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்பதை அளவுகோல்களோடு எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

## மலையின் அமைப்பு

டோய் இந்தனோன் 2,565 மீட்டர் உயரம் கொண்டது. உதகைக்கு அருகிலுள்ள தொட்டபெட்டாவைவிடச் சற்றுக் குறைவு, இலங்கையின் பீதுருதாலகாலையைவிடச் சற்று அதிகம். எனவே உயரத்தை மட்டும் கருதி ஊட்டிக்காரர்கள் வியக்க வேண்டியதில்லை. சிகரத்தைச் சுற்றியுள்ள 482 சதுர கி.மீ. காடு 1972இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1897இல் மறைந்த சியாங் மாய் மன்னர் இந்தவிச்சயானோனின் பெயரே மலைக்கு இடப்பட்டுள்ளது. காடுகளைப் பற்றிக் கவலை கொண்டிருந்த அவருடைய விருப்பப்படி அவரது அஸ்தி உச்சியில் ஒரு சிறு ஸ்தூபியில் வைக்கப்பட்டிருக்கிறது.

நம் முடிவைத் தீர்மானிப்பது சாலையின் அமைப்பு. சியாங் மாயிலிருந்து 108ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே சோம் தோங் வரை சுமார் 58 கி.மீ. சமவெளி. அங்கிருந்து பிரியும் 1009ஆம் எண் சாலை 48 கி.மீ. ஏறி உச்சியில் முடிகிறது. பார்க்க வேண்டியவை யாவும் இந்த ஒரே சாலையின் ஓரத்திலோ அதிலிருந்து சற்று விலகியோ அமைந்துள்ளன: 21ஆம் கி.மீ. அருகே வச்சிரதான் அருவி, 26ஆம் கி.மீ. அருகே கரேன் மக்களின் மே கிளாங் லுவாங் கிராமம், 31இல் பூங்கா அலுவலகமும் மொங் மக்களின் குன் கிளாங் கிராமமும், 42 அருகே இரட்டை ஸ்தூபிகளும் கியூ மே பான் நடைபாதையும், 48இல் உச்சியும் ஆங் கா நடைபாதையும். ஒரே சாலை என்பதால் வழி தவறும் அபாயம் அநேகமாக இல்லை. ஒரே சாலை என்பதாலேயே எல்லா வண்டிகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வந்து குவிகின்றன.

## எடைபோட வேண்டியவை

முதலாவது, உச்சிக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருகிறோம் என்பது. போகவர 200 கி.மீ.க்கு மேல், எந்த வண்டியில் போனாலும் நான்கு, ஐந்து மணி நேரம் சாலையில் கழிந்துவிடும். மீதி நேரம் காலையில் கிடைக்கிறதா, நண்பகலில் கிடைக்கிறதா என்பதில் பெரிய வித்தியாசம் உண்டு. பள்ளத்தாக்கில் தேங்கி நிற்கும் மேகக் கடல் வெயில் ஏற ஏறக் கலைந்துவிடும். நண்பகலுக்குப் பின் மேகம் மேலேறி உச்சியையே மூடிவிடுவதும் உண்டு.

இரண்டாவது, நடக்கப் போகிறோமா, வண்டியிலிருந்து இறங்கி இறங்கிப் பார்க்கப் போகிறோமா என்பது. மூன்றாவது, உடன் வருபவர்கள்: முதியவர்கள், குழந்தைகள், மலைப்பாதையில் வாந்தி எடுப்பவர்கள், சைவ உணவு மட்டுமே உண்பவர்கள். நான்காவது செலவு. இதை வேண்டுமென்றே கடைசியில் வைக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு பேருக்கு மேல் போகும்போது வழிகளுக்கிடையிலான செலவு வித்தியாசம் பலர் எண்ணுமளவுக்கு இருப்பதில்லை. சட்டமும் காப்பீடும் ஐந்தாவது. அது நாமே வண்டி ஓட்டும் வழிக்கு மட்டும் உரியது, ஆனால் அங்கே மற்ற நான்கையும் அதுவே முந்திவிடுகிறது.

எந்த வழியில் போனாலும் மாறாத செலவுகள் உண்டு. வெளிநாட்டவருக்கான பூங்கா நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 300 பாட், குழந்தைகளுக்கு 150 பாட். இரட்டை ஸ்தூபிகளுக்குத் தனிக் கட்டணம். கியூ மே பான் பாதையில் நடக்க வேண்டுமானால் உள்ளூர் வழிகாட்டி கட்டாயம்; பத்துப் பேர் வரையிலான ஒரு குழுவுக்குச் சுமார் 200 பாட். நுழைவுச் சீட்டைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். மேலே இன்னொரு சோதனைச் சாவடியில் கேட்பார்கள்.

## வழிகாட்டி என்று யாரைச் சொல்கிறோம்?

ஒப்பீட்டுக்குள் போகுமுன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது, ஏனெனில் விளம்பரங்கள் இங்கேதான் குழப்புகின்றன. வேனில் உங்களோடு வருகிறவர் உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டி. தாய்லாந்தில் இத்தொழில் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டது. கழுத்தில் உரிம அட்டை தொங்க வேண்டும். ஆகவே 'நம்ம ஊர்க்காரரே கூட வந்து சுற்றிக் காட்டுவார்' என்று எவரேனும் ஆசை காட்டினால், அவர் வழித்துணையாக வரலாமே தவிர, வழிகாட்டியாகத் தொழில் செய்ய முடியாது. நாள் முழுவதையும் ஒழுங்குபடுத்துவது, வரலாறு சொல்வது, ஆட்களை எண்ணி வண்டியில் ஏற்றுவது ஆகியவை வேன் வழிகாட்டியின் வேலைகள்.

மலையை அறிந்தவர் வேறொருவர். கியூ மே பான் பாதையின் முகப்பில் மொங் கிராமத்தைச் சேர்ந்தவர்களும், மே கிளாங் லுவாங் கிராமத்தில் முடியும் பா டோக் சியூ பாதையில் கரேன் கிராமத்தைச் சேர்ந்தவர்களும் முறை வைத்துக் காத்திருக்கிறார்கள். ஆங்கிலம் பலருக்குக் குறைவு. சிலர் பெயர்ப் பலகையைக் காட்டிவிட்டுப் புன்னகைப்பதோடு சரி. ஆனாலும் பாதையோரத்துச் செடியில் எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்பதும், எந்தப் பாறையின் கீழ் மலையாட்டு இனமான கோரல் வந்து நிற்கும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். இவர்களை நியமிக்கச் சுற்றுலா நிறுவனம் எதுவும் தேவையில்லை; முகப்பில் பணம் கட்டினால் ஒருவர் உடன் வருவார். ஆக, வழிகாட்டியுடன் கூடிய சுற்றுலாவுக்கு நாம் கொடுக்கும் தொகையில் பெரும்பகுதி வண்டிக்கும் ஏற்பாட்டுக்கும் போகிறது. அந்த ஏற்பாடு உங்களுக்குத் தேவையா என்பதுதான் உண்மையான கேள்வி.

## குழு வேன்

எட்டு முதல் பன்னிரண்டு பேர் வரை ஒரே வேனில் செல்லும் சுற்றுலாவுக்கு, சேர்க்கப்படும் அம்சங்களைப் பொறுத்து, தலைக்கு ஏறத்தாழ 1,200 முதல் 2,000 பாட் வரை கேட்கிறார்கள். விடுதி வாசலில் வந்து ஏற்றிக்கொள்வார்கள், மாலையில் அங்கேயே இறக்கிவிடுவார்கள்; மதிய உணவும் பெரும்பாலும் உண்டு. எதையும் யோசிக்காமல் ஒரு நாளை ஒப்படைத்துவிடலாம் என்பது சிறிய வசதியல்ல. தனியாகப் பயணிப்பவருக்கு இதைவிடச் சிக்கனமும் பாதுகாப்பும் ஒருசேரக் கிடைக்கும் வழி வேறில்லை.

குறை நேரத்தில் இருக்கிறது. காலை எட்டு, எட்டரைக்கு ஏற்றுவதாகச் சொன்னாலும், பழைய நகர மதிலுக்குள்ளும் நிம்மான் சாலைப் பகுதியிலும் ஒவ்வொரு விடுதியாகச் சுற்றி ஆட்களைச் சேர்க்க முக்கால் மணி நேரம் போய்விடும். வச்சிரதான் அருவியில் ஒரு நிறுத்தம், சந்தையில் ஒரு நிறுத்தம், சாப்பாடு என்று போனால் உச்சியை எட்டும்போது நண்பகல் ஆகியிருக்கும். அங்கே வாகன நிறுத்தத்தில் ஏற்கெனவே இருபது வேன்கள் நிற்கும். 'தாய்லாந்தின் மிக உயர்ந்த இடம்' என்ற பலகையின் முன் படம் எடுக்க வரிசை. அந்த இடத்திலிருந்து காட்சி ஒன்றும் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுற்றிலும் மரம், பக்கத்தில் விமானப் படையின் ராடார் நிலையம். பலகையைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோமா என்று முகம் சுண்டுகிறவர்களை அங்கே பார்க்கலாம்.

அவர்கள் சாலையைக் கடந்து ஆங் கா நடைபாதைக்குள் இறங்கினால் மனம் மாறிவிடும். சதுப்பு நிலத்தின் மேல் மரப்பலகை பாவிய, 360 மீட்டர் நீளமே உள்ள சிறு சுற்றுப்பாதை அது. பலகைகள் எப்போதும் ஈரமாக இருக்கும். மரத்தண்டுகளில் ஒரு விரற்கடை இடம் விடாமல் பாசியும் பெரணியும் மூடியிருக்கும். கிளைகளிலிருந்து பாசி தாடிபோல் தொங்கும். பச்சைவால் தேன்சிட்டின் ஒரு துணையினம் உலகிலேயே இம்மலையின் உச்சிப் பகுதிக்கு மட்டும் உரியது. கைப்பிடிக் கம்பிக்கு ஓரிரு முழத் தொலைவில் பூவுக்குப் பூ தாவிக்கொண்டிருக்கும், மனிதர்களைப் பொருட்படுத்தாது. அசையாமல் ஐந்து நிமிடம் நின்றால் போதும், தென்பட்டுவிடும். குழுவினருக்கு இந்த இடத்தில் பெரும்பாலும் இருபது நிமிடமே தரப்படுகிறது; அதில் பாதி பலகையருகே வரிசையில் போய்விடுகிறது.

மறைமுகச் செலவுகளைப் பொறுத்தவரை, விளம்பர விலையில் 300 பாட் நுழைவுக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1,200 பாட் சுற்றுலாவும் 1,500 பாட் சுற்றுலாவும் ஒன்றேயாக இருக்கலாம். ஸ்தூபிக் கட்டணம் பல நிறுவனங்களில் தனி. விடுதி நகர மையத்துக்கு வெளியே இருந்தால் ஏற்றிச் செல்லக் கூடுதல் தொகை கேட்பார்கள். போதிய ஆள் சேராவிட்டால் முதல் நாள் இரவில் ரத்து செய்வதும் உண்டு. மறுநாளே ஊர் திரும்புகிறவர்களுக்கு அது பெரிய இடி.

உணவைப் பற்றிச் சைவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். காய்கறி மட்டும் போட்ட வறுவலிலும் மீன் சாறு ஊற்றுவது அங்கே இயல்பு. இறைச்சி இல்லாததால் அது சைவம் என்று சமைப்பவர் நினைப்பதில் தவறில்லை. முன்பதிவின்போதே 'ஜே' உணவு வேண்டும் என்று எழுதிக் கேட்டால் மீன் சாறும் முட்டையும் தவிர்க்கப்படும், வெங்காயம் பூண்டுகூட இராது. காலையில் வேனில் ஏறிய பிறகு சொன்னால் வெறுஞ்சோறும் பழமும்தான் மிஞ்சும்.

குழுச் சுற்றுலாவை எடுப்பதானால் 'நடை' என்று வெளிப்படையாக எழுதியுள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கியூ மே பான் அல்லது பா டோக் சியூ நடை அடங்கிய சுற்றுலாக்களில் நிறுத்தங்கள் குறைவு, காட்டில் இருக்கும் நேரம் அதிகம். மாறாக, யானை முகாமையும் இதே நாளில் சேர்த்து விற்கப்படும் கூட்டுச் சுற்றுலாக்கள் மலையைப் பாதியாக வெட்டிவிடுகின்றன. அவற்றை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

## ஓட்டுநருடன் தனிக் கார்

ஒரு நாள் முழுவதற்கும் வண்டியும் ஓட்டுநரும் சேர்த்து ஏறத்தாழ 2,500 முதல் 3,500 பாட் வரை ஆகிறது. பத்துப் பேர் அமரும் வேன் என்றால் அதற்கு மேலும். பேசும்போது இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்: எரிபொருள் சேர்ந்ததா, எத்தனை மணி நேரம். பத்து மணி நேரம் என்பது பொது வழக்கு. அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு என்று கூடும். எரிபொருள் தனி என்றால் மலையேற்றத்துக்கு அது கணிசமான தொகை.

மூன்று பேர் போவதாக ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். எல்லாம் அடங்கிய குழு வேன் தலைக்கு 1,500 என்றால் மொத்தம் 4,500 பாட். தனிக் கார் 3,000, நுழைவு 900, நடைபாதை வழிகாட்டி 200, சாலையோரச் சாப்பாடு 300 என்றால் 4,400 பாட். இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டே பேர் என்றால் குழு வேன் 3,000, தனிக் கார் 4,000. நான்கு பேர் என்றால் குழு வேன் 6,000, தனிக் கார் 4,800 அளவில் நிற்கும். மூன்று பேர் என்பதே எல்லைக்கோடு. அதற்கு மேல் சேரும் ஒவ்வொரு தலையும், கார் கொள்ளும் வரை, தனிக் காரின் பக்கம் தட்டைச் சாய்க்கிறது.

ஆனால் தனிக் காரின் உண்மையான ஆதாயம் புறப்படும் நேரம் நம் கையில் இருப்பது. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் எட்டு மணிக்கு முன்பே கியூ மே பான் முகப்பில் நிற்கலாம். குழு வேன்கள் அப்போது நகரத்தில் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கும். வட்டமாகச் சுற்றிவரும் இந்தப் பாதை மூன்று கி.மீ. அளவுதான், நிதானமாக நடந்தால் இரண்டு முதல் மூன்று மணி நேரம். முதல் பாதி வெயில் நுழையாத ஈரக்காடு, ஏற்றம். பிறகு எந்த முன்னறிவிப்புமின்றி மரங்கள் முடிந்து புல்வெளி முகடு தொடங்கும். ஒரு பக்கம் மே சேம் பள்ளத்தாக்கு நேர்கீழே விழுகிறது. காற்று தொப்பியைப் பறிக்கும். ஜனவரியை ஒட்டிய வாரங்களில் முகட்டோரத்தில் சிவப்பு ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும். நீலகிரிக்காரர்கள் காட்டுப் பூவரசு என்று உடனே அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய மரத்தின் நெருங்கிய உறவு அது. இந்நடையை முடித்துவிட்டுப் பத்தரைக்கு ஸ்தூபிகள், பிறகு உச்சி, இறங்கும் வழியில் மே கிளாங் லுவாங்கில் உள்ளூர்க் காப்பி, கடைசியாக அருவி என்று கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நாளை அமைத்துக்கொள்ளலாம்.

முதியவர்களோடு செல்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இந்த வழியைத்தான். இரட்டை ஸ்தூபிகள் இருக்கும் மேட்டுக்கு நகரும் படிக்கட்டுகள் உண்டு. ஆங் கா பாதையில் செங்குத்தான ஏற்றம் இல்லை. அருவியை வாகன நிறுத்தத்துக்கு அருகிலிருந்தே பார்த்துவிடலாம். இளையவர்கள் கியூ மே பான் நடக்கும் நேரத்தில் பெரியவர்கள் எதிரே ஸ்தூபித் தோட்டத்தில் அமர்ந்திருக்கலாம். மன்னர் பூமிபோலின் அறுபது வயது நிறைவுக்காக 1987இலும், அரசி சிரிகித்தின் அறுபது வயது நிறைவுக்காக 1992இலும் விமானப் படையினர் எழுப்பிய ஸ்தூபிகள் அவை. அரசியின் ஸ்தூபியைச் சூழ்ந்த பூந்தோட்டம் அமர்ந்து பார்க்கத் தகுந்தது. குழு வேனில் இப்படிப் பிரிந்து பொழுதைக் கழிக்க முடியாது.

குறை என்னவென்றால் ஓட்டுநர் வழிகாட்டி அல்லர். உரிமம் இல்லாமல் அவர் விளக்கம் சொல்லி அழைத்துச் செல்வது சட்டப்படி கூடாது. பலருக்கு ஆங்கிலமும் மட்டாகத்தான் வரும். சாலையோர மொங் கிராமங்கள் ஒரு காலத்தில் அபினி பயிரிட்டதும், 1969இல் தொடங்கிய அரச திட்டத்தின் வழியாகப் பூவுக்கும் ஸ்ட்ராபெரிக்கும் காய்கறிக்கும் மாறியதும், இன்று குன் கிளாங்கில் குளிர்நாட்டு டிரவுட் மீன்கூட வளர்க்கப்படுவதும் போன்ற செய்திகளை நீங்களே படித்துக்கொண்டு போக வேண்டும். பயணத்தில் கதை கேட்பது உங்களுக்கு முக்கியமென்றால், உரிமம் பெற்ற வழிகாட்டியையும் சேர்த்துத் தனிச் சுற்றுலாவாக எடுக்கலாம். செலவு அநேகமாக ஒன்றரை மடங்காகும்.

செயலி வழியாக அழைக்கும் டாக்சியில் போய்விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போகலாம். உச்சியில் நின்று திரும்பி வர வண்டி தேடுவதுதான் இயலாத காரியம்.

## நாமே ஓட்டிச் செல்வது

ஸ்கூட்டர் ஒரு நாளுக்கு 200, 300 பாட்டுக்குக் கிடைக்கிறது என்பதால் இதுவே மலிவு என்று தோன்றும். தாய்லாந்திலும் நம்மைப் போல இடப்பக்க ஓட்டம். 1009ஆம் எண் சாலை நல்ல தார்ச் சாலை. இவ்வளவும் சரிதான். இனி மறுபக்கம்.

இந்திய உரிமம் மட்டும் போதாது. இரு சக்கர வாகனத்துக்கு ஒப்புதல் குறிக்கப்பட்ட சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் ஊரிலிருந்தே வாங்கிச் செல்ல வேண்டும். மலேசியா, சிங்கப்பூர் உரிமங்களை ஆசியான் உடன்படிக்கையின்படி ஏற்கிறார்கள். ஆனால் அவையும் உரிய வாகன வகுப்புக்கு உரியவையாக இருக்க வேண்டும். கார் உரிமத்தை வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தால், காவலர் போடும் அபராதம் சிறியது. பயணக் காப்பீட்டு நிறுவனம் கை விரிப்பதுதான் பெரியது. எலும்பு முறிவுக்குத் தனியார் மருத்துவமனையில் ஆகும் செலவு, மிச்சப்படுத்திய தொகையைப் போலப் பல மடங்கு. பாஸ்போர்ட்டைப் பிணையாகக் கேட்கும் கடையில் வண்டி எடுக்கவே கூடாது; பணமாக முன்தொகை வாங்கும் கடைகள் எத்தனையோ உண்டு.

அடுத்தது இறக்கம். மலைச்சாலையில் ஏறிய கியரில்தான் இறங்க வேண்டும் என்பது நம்மூர் ஓட்டுநர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கியரில்லாத ஸ்கூட்டரில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். 125 சிசி வண்டியில் இருவர் அமர்ந்து ஏறும்போது மேல்பகுதியில் வேகம் படுத்துவிடும். டிசம்பர், ஜனவரி விடியலில் உச்சியின் வெப்பநிலை பூஜ்ஜியத்தை நெருங்கும். சில நாட்களில் புல்லில் உறைபனி படியும். கையுறை இல்லாமல் பிரேக் பிடியை அழுத்த விரல்கள் ஒத்துழைக்காது. சியாங் மாயின் 25 பாகையில் அரைக்கைச் சட்டையோடு கிளம்பியவர்கள் மேலே நடுங்கிக்கொண்டு தேநீர்க் கடையைத் தேடுவது அன்றாடக் காட்சி.

சுயமாகக் கார் ஓட்டுவது வேறு வகை. கோத்தகிரி, கொல்லிமலைச் சாலைகளில் பழகியவருக்கு இந்தச் சாலை கடினமல்ல. தானியங்கி கியர் வண்டி என்றால் இறக்கத்தில் தாழ்ந்த கியரை நாமே தேர்ந்து வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. சோம் தோங்கில் எரிபொருளை நிரப்பிக்கொண்டு ஏறுவது நிம்மதி. வாடகை, எரிபொருள், முழுக் காப்பீடு ஆகியவற்றைக் கூட்டினால் ஓட்டுநருடன் வரும் காரைவிடப் பெரிதாக மிச்சமாவதில்லை. இரண்டு, மூன்று நாட்களுக்குச் சேர்த்து எடுத்து மே சேம் வரை சுற்றுகிறவர்களுக்கே இது லாபம். ஒருநாள் பயணத்துக்கு மட்டும் என்றால், ஓட்டுகிறவர் காட்சியைப் பார்க்க முடியாது என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## பொதுப் போக்குவரத்து

சியாங் மாய் வாயில் அருகிலிருந்து சோம் தோங்குக்கு மஞ்சள் நிறச் சோங்தேவ் வண்டிகள் ஓடுகின்றன. பின்பக்கம் இரண்டு நீள இருக்கைகள் பொருத்திய பிக்கப் வண்டி அது. அதுவரை மிக மலிவு. சோம் தோங்குக்கு மேல் நேரம் தவறாமல் ஓடும் வண்டி இல்லாததால், அங்கே ஒரு சோங்தேவை முழுமையாக வாடகைக்கு அமர்த்த வேண்டியதாகிவிடும். மிச்சம் பிடித்த பணம் அங்கே போய்விடும். ஒரே நாளில் திரும்ப நினைப்பவர்களுக்கு இது பொருந்தாது. மலையில் இரவு தங்கப் போகிறவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

## ஒரே பார்வையில்

| | குழு வேன் | ஓட்டுநருடன் கார் | ஸ்கூட்டர் |
|---|---|---|---|
| உத்தேச அடிப்படைச் செலவு | தலைக்கு 1,200–2,000 பாட் | வண்டிக்கு 2,500–3,500 பாட் | நாளுக்கு 200–300 பாட், எரிபொருள் தனி |
| விலையில் ஒளிந்திருப்பது | நுழைவு, ஸ்தூபிக் கட்டணம், தொலைவு விடுதியிலிருந்து ஏற்றிச் செல்லும் கூடுதல் தொகை | கூடுதல் மணி நேரம், எரிபொருள் | விபத்துச் செலவு, காப்பீடு செல்லாமை |
| உச்சியை எட்டும் நேரம் | நண்பகலை ஒட்டி | நம் விருப்பம் | நம் விருப்பம், குளிர் அனுமதித்தால் |
| விளக்கம் சொல்ல ஆள் | உண்டு | நடைபாதையில் மட்டும் | நடைபாதையில் மட்டும் |
| முதியவர், குழந்தை | சமாளிக்கலாம் | மிகப் பொருத்தம் | கூடாது |
| யாருக்கு | தனியர், இருவர் | மூவரும் அதற்கு மேலும் | உரிய உரிமமும் மலை அனுபவமும் உள்ளவர் |

## பருவம் முடிவை மாற்றும் விதம்

மேலே சொன்னவை நவம்பர் முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரையிலான குளிர்காலத்துக்கு அப்படியே பொருந்தும். அதிலும் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் தாய்லாந்து மக்களே உறைபனி பார்க்கக் குடும்பத்தோடு திரண்டு வருவதால் 1009ஆம் எண் சாலையில் வண்டிகள் ஊர்ந்து செல்லும். அந்த வாரத்தில் விடியலுக்கு முன் கிளம்பும் தனிக் கார் அல்லது சூரிய உதயத்துக்கென்றே நள்ளிரவு தாண்டிப் புறப்படும் குழு வேன் மட்டுமே பயன் தரும். இல்லையென்றால் வேறு வாரம் பாருங்கள்.

பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை வட தாய்லாந்து முழுவதும் வயற்கழிவும் காடும் எரியும் புகை சூழ்கிறது. உச்சியில் குளிர்ச்சி இருக்கும், காட்சி இருக்காது. தொலைதூரக் காட்சிக்காக விடியலில் எழுவதில் அப்போது அர்த்தமில்லை என்பதால் தனிக் காரின் முதன்மையான ஆதாயம் போய்விடுகிறது. ஆங் கா பாதை, அருவி, பறவை என்று அருகில் பார்ப்பவற்றோடு நின்றுகொள்ளும் சாதாரணக் குழு வேனே போதும். ஆஸ்துமா உள்ளவர்கள் காற்றின் தர அளவைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நலம்.

ஜூன் தொடக்கத்திலிருந்து அக்டோபர் முடியும் வரை கியூ மே பான் பாதை காடு தேறுவதற்காக ஆண்டுதோறும் மூடப்படுகிறது. இதைச் சொல்லாமலேயே அந்தப் படத்தை முகப்பில் போட்டு விற்கும் விளம்பரங்கள் மழைக்காலத்திலும் சுற்றுகின்றன. பதிவு செய்யுமுன் 'அன்றைக்கு எந்தப் பாதையில் நடக்கப் போகிறோம்' என்று பெயர் குறிப்பிட்டுக் கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள். நேர்மையான நிறுவனம் பா டோக் சியூ என்று சொல்லும். அந்தப் பதிலில் ஏமாற்றம் கொள்ளத் தேவையில்லை: பா டோக் சியூ பாதை பெரும்பாலும் இறக்கமாகவே ஓடை அருவிகளின் ஓரமாகச் சென்று மே கிளாங் லுவாங்கின் படிக்கட்டு வயல்களுக்குள் இறங்குகிறது, ஆகஸ்ட், செப்டம்பரில் வயல்கள் பச்சை, அக்டோபரில் பொன்னிறம், அருவிகள் நிறைந்து ஓடுவதும் அப்போதுதான். பாதை ஓரிடத்தில் தொடங்கி வேறோரிடத்தில் முடிவதால் வண்டி கீழே வந்து காத்திருக்க வேண்டும். ஸ்கூட்டரில் வந்தவர் தன் வண்டியை எடுக்க மீண்டும் மேலே போக வழி தேட வேண்டும். குழு வேனில் இந்த ஏற்பாடு திட்டத்திலேயே அடங்கியிருக்கும்; தனிக் காரில் போனால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதை ஓட்டுநரிடம் வரைபடத்தில் காட்டிவிட்டு நடக்கத் தொடங்குங்கள். ஈரப் பாதையில் மழைக்காலத்துக்கே உரிய அட்டைகளும் உண்டு. முழங்கால் வரை இழுத்துவிடக்கூடிய காலுறையையும் பிடிப்புள்ள காலணியையும் எந்த வண்டியில் போனாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.